சுபாரு இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரின் சென்டர் டிஃபரென்ஷியலைப் புதுப்பித்தல்: முழுமையான வழிகாட்டி

நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை செல்லும் காரில், முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும் பாகமே சென்டர் டிஃபரென்ஷியல். வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையைக் கடக்கின்றன. அந்த வேறுபாட்டுக்கு இடமில்லாமல் போனால் டயரும் பேரிங்கும் கியர் பற்களும் ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கிக்கொள்ளும். இந்த வழிகாட்டி 2000-களின் முற்பாதியில் வந்த இம்ப்ரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரின் 5 வேக மேனுவல் கியர் பாக்ஸை எடுத்துக்கொள்கிறது. இதே காரின் கூடுதல் திறன் வகையான எஸ்.டி.ஐ.-யின் 6 வேக கியர் பாக்ஸும் அதிலுள்ள மின்காந்தக் கட்டுப்பாட்டு டிஃபரென்ஷியலும் வேறு அமைப்பு என்பதால், இங்குள்ள அளவுகளை அவற்றுக்குப் பயன்படுத்தக் கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது

கழற்றத் தொடங்கும் முன் விசை செல்லும் வழியை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. கியர் பாக்ஸின் இரண்டாவது தண்டு உள்ளே குழலாக இருக்கும். அந்தக் குழல் தண்டு பின்னோக்கி வந்து சென்டர் டிஃபரென்ஷியலின் உறையைச் சுழற்றுகிறது. உறைக்குள் இருக்கும் பெவல் கியர்கள் விசையை இரண்டாகப் பிரிக்கின்றன. ஒரு பாதி, குழல் தண்டின் நடுவே ஓடும் பினியன் தண்டு வழியாக முன் டிஃபரென்ஷியலுக்குத் திரும்பிச் செல்கிறது. மறுபாதி டிரான்ஸ்ஃபர் கியர்கள் வழியாக, பின் அச்சுக்கு விசை கொண்டுசெல்லும் நீண்ட தண்டான ப்ரொபெல்லர் ஷாஃப்டுக்குப் போகிறது. சாதாரண நிலையில் பங்கீடு 50:50.

அதே உறைக்குள்தான் விஸ்கஸ் கப்ளிங்கும் இருக்கிறது. வெளித் தகடுகள் டிஃபரென்ஷியல் உறையோடும் உள் தகடுகள் பின்பக்க சைடு கியரோடும் ஸ்ப்லைன் (தண்டின் நீளவாக்கில் உள்ள பற்கள்) மூலம் பிணைக்கப்பட்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். இடைவெளியில் சிலிகான் எண்ணெயும் சிறிதளவு காற்றும் அடைக்கப்பட்டிருக்கும். அச்சுகளுக்கு இடையே வேக வேறுபாடு கூடக் கூட, எண்ணெயை வெட்டிச் சுழலும் தகடுகளின் எதிர்ப்பும் கூடுகிறது. வேறுபாடு நீடித்தால் எண்ணெய் சூடேறி விரிகிறது. உள்ளிருக்கும் காற்று நசுங்குகிறது. அழுத்தத்தில் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, இரு அச்சுகளும் ஏறக்குறைய ஒரே தண்டாகிவிடுகின்றன. சேற்றில் சிக்கிய காரை வெளியே இழுப்பது இந்தப் பூட்டுதான். நெடுஞ்சாலையில் தவறான டயரோடு ஓடும் காரின் கப்ளிங்கைக் கொல்வதும் இதே பூட்டுதான்.

சிலிகான் எண்ணெய் வெளியேறாமலும் கியர் ஆயில் உள்ளே கலக்காமலும் இருக்க, எக்ஸ் வடிவக் குறுக்குவெட்டு கொண்ட சீல் ஒன்று பொருத்தப்பட்டுள்ளது. எண்ணெயின் அளவும் காற்றின் விகிதமும் தொழிற்சாலையில் நிர்ணயிக்கப்பட்டவை. ஆகவே சுபாருவின் சர்வீஸ் மேனுவல் இந்த உறையைப் பிரிக்கக் கூடாத பாகமாகக் கருதுகிறது. நானும் அதையே வலியுறுத்துவேன். உறையைத் திறந்து, கடையில் கிடைக்கும் சிலிகான் எண்ணெயை ஊசியால் ஏற்றி மூடிய கப்ளிங் எந்த வெப்பத்தில், எவ்வளவு முறுக்கத்தில் பூட்டும் என்பதை ஒருவராலும் சொல்ல முடியாது. எனவே புதுப்பித்தல் என்பது இங்கே உறையை முழுதாக மாற்றி, அதைச் சுற்றியுள்ள பேரிங், த்ரஸ்ட் வாஷர் (உறை முன்னும் பின்னும் நகரும் இடைவெளியைக் கட்டுப்படுத்தும் வளையம்), டிரான்ஸ்ஃபர் கியர்கள், சீல்கள் ஆகியவற்றை அளந்து சரிசெய்வதைக் குறிக்கும்.

நோயை உறுதிசெய்தல்

கெட்டுப்போன கப்ளிங் இரண்டு விதமாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும். முதலாவது, நிரந்தரமாகப் பூட்டிக்கொள்வது. வாகனம் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டமடித்தால், யாரோ பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிப்பதுபோல் கார் தயங்கித் துள்ளும். நீண்ட தூரம் ஓடிச் சூடான பிறகு இது கூடுதலாகத் தெரியும். இரண்டாவது, எதிர்ப்பை முற்றிலும் இழப்பது. அப்போது ஓர் அச்சு வழுக்கும் தரையில் நின்றால், அந்தச் சக்கரம் வீணாகச் சுழல, கார் நகராமல் நிற்கும்.

முதல் அறிகுறியைக் கண்டதும் கியர் பாக்ஸை இறக்கிவிடக் கூடாது. முதலில் நான்கு டயர்களின் காற்றழுத்தத்தைச் சரிசெய்து, ஒவ்வொன்றின் சுற்றளவையும் டேப்பால் அளக்க வேண்டும். சுற்றளவு வேறுபாடு கால் அங்குலத்தை, அதாவது சுமார் 6.4 மி.மீ.-ஐத் தாண்டக் கூடாது என்பது சுபாரு தரும் வரம்பு. டயர் ஆழத்தில் இது ஏறத்தாழ 1 மி.மீ. மட்டுமே. பலர் நம்ப மறுக்கும் இந்த வரம்பின் காரணத்தைக் கணக்கே காட்டிவிடும். 205/55 ஆர்16 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1985 மி.மீ. ஓர் அச்சில் 8 மி.மீ. ஆழமுள்ள புது டயர்களும் மற்றதில் தேய்ந்து 3 மி.மீ. ஆழமே மிஞ்சிய டயர்களும் இருந்தால், சுற்றளவில் 31 மி.மீ. வேறுபாடு வரும். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 840 முறை சுழல்கிறது. அதில் 13 சுற்று வேறுபாடு. முன் அச்சின் விகிதம் 3.90 ஆக இருந்தால் (சக்கரம் ஒரு முறை சுழல, தண்டு 3.90 முறை சுழலும்), சென்டர் டிஃபரென்ஷியலின் இரு பக்கத் தண்டுகளுக்கும் இடையே அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 சுற்றாகிறது. நேர்ச் சாலையிலும்கூட ஒரு நொடி ஓய்வின்றி எண்ணெய் வெட்டப்பட்டுக்கொண்டே இருக்கும்.

டயர்கள் சரியாக இருந்தால் அடுத்தது கைச் சோதனை. கார் சற்று ஓடி ஆயில் இளஞ்சூடாக இருக்கும்போது சமதளத்தில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் வைத்து, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறுக்கமாக இழுக்க வேண்டும். இந்தக் காரில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைப் பிடிக்கிறது; எனவே டிஃபரென்ஷியலின் பின்பக்கத் தண்டு அசையாது. ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் தாங்கவைத்து, அந்தச் சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். நல்ல கப்ளிங் சீரான, பிசுபிசுப்பான எதிர்ப்பைத் தரும்; மெல்லச் சுழற்றினால் விட்டுக்கொடுக்கும், வேகமாகத் தள்ளினால் எதிர்க்கும். நீண்ட கம்பி கொடுத்தும் அசையாவிட்டால் பூட்டிக்கொண்டது. எதிர்ப்பே இன்றிச் சக்கரம் தானாக ஓடினால் கப்ளிங் செத்துவிட்டது. கியரில் போட்டுவிட்டு இந்தச் சோதனையைச் செய்தால் நல்ல கப்ளிங்கும் பூட்டியதாகவே தோன்றும் என்பதால், நியூட்ரலில் இருப்பதை இரண்டு முறை பாருங்கள்.

பாகங்களும் பற்சக்கர விகிதமும்

மாற்று உறை, அதன் பால் பேரிங், பல தடிமன்களில் த்ரஸ்ட் வாஷர்கள், எக்ஸ்டென்ஷன் கேஸின் (கியர் பாக்ஸின் பின்முனைக் கூடு) பின்புற ஆயில் சீல், கேஸ்கெட், த்ரீ பாண்ட் 1215 அல்லது அதற்கு இணையான திரவக் கேஸ்கெட், ஜி.எல்.-5 தரத்தில் 75டபிள்யூ-90 கியர் ஆயில் ஆகியவற்றை வேலைக்கு முன்பே வாங்கிவைக்க வேண்டும். கருவிகளில் டார்க் ரெஞ்ச், பிரஸ், பேரிங் புல்லர், டெப்த் கேஜ், மைக்ரோமீட்டர், நேர்விளிம்புக் கட்டை ஆகியவை தவிர்க்க முடியாதவை. ஆயில் வடிக்கும் பிளக்குக்குச் சில மாடல்களில் டி70 டார்க்ஸ் பிட் தேவைப்படும்.

பழைய கியர் பாக்ஸிலிருந்து எடுத்த டிரான்ஸ்ஃபர் கேஸையும் டிஃபரென்ஷியலையும் சேர்த்து வாங்குவோர் ஒரு விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அமெரிக்கச் சந்தைக்கான 2002–2005 டபிள்யூ.ஆர்.எக்ஸ். காரில் முன் டிஃபரென்ஷியல் விகிதம் 3.90, பின் டிஃபரென்ஷியல் 3.545. இரண்டும் பொருந்தாதவைபோல் தோன்றினாலும், நடுவிலிருக்கும் டிரான்ஸ்ஃபர் கியர்களின் 1.1 விகிதம் அவற்றை இணைக்கிறது: 3.545-ஐ 1.1 ஆல் பெருக்கினால் 3.90 வரும். 1:1 விகித டிரான்ஸ்ஃபர் கியர்கள் கொண்ட கேஸை இதே காரில் பொருத்திவிட்டால், முன்னுக்கும் பின்னுக்கும் ஏறக்குறைய 10 சதவீத வேறுபாடு வந்துவிடும். மேலே பார்த்த டயர் கணக்கின்படி அது மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 300 சுற்று வேறுபாடு. புதுக் கப்ளிங் முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும். விகிதங்கள் வருடத்துக்கும் நாட்டுக்கும் ஏற்ப மாறுவதால், விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல் டிரான்ஸ்ஃபர் கியர்களின் பற்களை நேரில் எண்ணி, ஒன்றை மற்றதால் வகுத்துப் பார்த்தபின் வாங்குங்கள்.

இந்தக் கியர் பாக்ஸுக்கான கப்ளிங்குகளில் சாலைக் காருக்குரியது 4 கிலோ என்று சொல்லப்படும் வகை; இந்த எண் கூடக் கூட எதிர்ப்பும் கூடும். பந்தயத்துக்கென 12, 20 கிலோ வகைகளும் உண்டு. சரளைச் சாலைப் பந்தயத்தில் அவற்றுக்கு இடமிருக்கிறது. தார்ச்சாலையில் அன்றாடம் ஓடும் காரில் அவற்றைப் போட்டால், வளைவில் கார் நேராகப் போகவே விரும்பும். டிரான்ஸ்ஃபர் கியரின் மீதான சுமையும் ஏறும். டிஃபரென்ஷியலை வெல்டிங் வைத்துப் பூட்டும் பழக்கத்தைத் தார்ச்சாலைக் காருக்கு எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

கழற்றுதல்

கியர் பாக்ஸைக் காரிலேயே வைத்துக்கொண்டு அதன் வாலை மட்டும் தாழ்த்தி இந்த வேலையைச் செய்பவர்கள் இருக்கிறார்கள், செய்யவும் முடியும். ஆனாலும் முதல் முறை செய்பவர் கியர் பாக்ஸை முழுதாக இறக்கிவிடுவதே நல்லது. வாஷர் தேர்வுக்கான அளவுகளை மேசைமேல் எடுப்பதற்கும், காருக்கு அடியில் மல்லாந்து படுத்து எடுப்பதற்கும் இடையே துல்லியத்தில் பெரிய வேறுபாடு உண்டு. கிளட்சையும் அப்போதே பார்த்துவிடலாம்.

எந்த வழியானாலும், பேட்டரியின் எதிர்மின் முனையைக் கழற்றி, காரை நான்கு ஸ்டாண்டுகளில் உறுதியாக நிறுத்தி, கியர் ஆயிலை வடிக்க வேண்டும். வடித்த ஆயிலை உடனே கொட்டிவிடாதீர்கள். பிளக்கின் காந்தத்தில் மாவுபோன்ற சாம்பல் நிறப் படிவு இருந்தால் அது இயல்பான தேய்மானம். விரலில் குத்தும் செதில்களோ பேரிங் துண்டுகளோ தென்பட்டால், பிரச்சினை சென்டர் டிஃபரென்ஷியலோடு நிற்கவில்லை. கியர் பாக்ஸ் முழுவதையும் திறந்தாக வேண்டும்.

பின்னர் எக்ஸாஸ்ட்டின் நடுக்குழாயையும் வெப்பத் தடுப்புத் தகட்டையும் அகற்றி, ப்ரொபெல்லர் ஷாஃப்டின் பின் ஃபிளாஞ்சும் டிஃபரென்ஷியல் ஃபிளாஞ்சும் சேரும் இடத்தில் பெயின்ட் குறி இட வேண்டும். அதே நிலையில் திரும்பப் பொருத்தாவிட்டால் அதிர்வு வரக்கூடும். நான்கு போல்ட்டுகளையும் நடு பேரிங்கின் போல்ட்டுகளையும் எடுத்து ஷாஃப்டைப் பின்னோக்கி உருவும்போது, கேஸில் மிச்சமிருக்கும் ஆயில் கொட்டும்; துணியோ மூடியோ தயாராக இருக்கட்டும். ஷாஃப்ட் வெளியே வந்த இந்தத் தருணத்தில், பின் சக்கரம் ஒன்றை ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றதைச் சுழற்றிப் பின் டிஃபரென்ஷியலையும் தனியாகச் சோதித்துவிடலாம். அதுவும் விறைத்திருந்தால், வட்டமடிக்கும்போது வந்த தயக்கத்தில் அதற்கும் பங்குண்டு.

வாலை மட்டும் தாழ்த்துபவர்கள், மேலே இருக்கும் இன்டர்கூலரையும் என்ஜின் முன்னும் பின்னும் சாயாமல் பிடிக்கும் பிட்ச் ஸ்டாப்பர் கம்பியையும் முதலில் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் குறுக்குச் சட்டத்தை எடுத்ததும் என்ஜின் பின்னோக்கிச் சாய்ந்து குழாய்களையும் வயர்களையும் நசுக்கும். கியர் ஷிஃப்ட் கம்பி, ரிவர்ஸ் லைட் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் ஆகியவற்றைப் பிரித்தபின், டிரான்ஸ்ஃபர் கேஸையும் எக்ஸ்டென்ஷன் கேஸையும் ஒன்றாகச் சேர்த்தே பின்னுக்கு இழுக்க வேண்டும். போல்ட்டுகள் வெவ்வேறு நீளமுள்ளவை. ஓர் அட்டையில் கேஸின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்திவைத்தால் குழப்பம் வராது. கேஸ் ஒட்டிக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் சுத்தியலால் சுற்றிலும் தட்ட வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை இடையில் செருகி நெம்பினால் அலுமினிய முகப்பு வடுப்பட்டு, பிறகு எந்தக் கேஸ்கெட்டாலும் கசிவை நிறுத்த முடியாது. கியர் மாற்றும் கரமான ஷிஃப்டர் ஆர்ம் உள்ளே ஃபோர்க் கம்பிகளின் பிளவுகளில் எப்படி அமர்ந்திருக்கிறது என்பதைக் கேஸ் முழுதும் விலகும் முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இரு கேஸ்களையும் பிரித்தால் டிரான்ஸ்ஃபர் கியர்களும் சென்டர் டிஃபரென்ஷியலும் கைக்கு வரும். பழைய த்ரஸ்ட் வாஷர் ஆயிலின் ஒட்டுதலால் கேஸின் உட்புறத்தில் கண்ணுக்குப் படாமல் ஒட்டியிருக்கும். அதைத் தேடியெடுத்து, தடிமனை அளந்து குறித்துவைக்க வேண்டும்.

பார்த்தலும் அளத்தலும்

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயிலோ பாகங்கள் கழுவும் திரவத்திலோ கழுவி, காற்றில் உலர்த்துங்கள். காற்றுக் குழாயால் பேரிங்கைச் சுழலவிட்டு உலர்த்தக் கூடாது. குழல் தண்டின் ஸ்ப்லைன், பினியன் தண்டின் முனை ஸ்ப்லைன் இரண்டிலும் படிபோன்ற தேய்மானம் இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கி நின்றால், புது உறை போட்டாலும் ஆக்சிலரேட்டரை விட்டு அழுத்தும்போதெல்லாம் 'டங்' என்ற ஓசை நீங்காது. டிரான்ஸ்ஃபர் கியர் பற்களின் முகத்தில் சிறு குழிகள் தோன்றியிருந்தால் இரு கியர்களையும் ஜோடியாக மாற்ற வேண்டும்.

உறையின் பால் பேரிங்கைப் புல்லரால் எடுத்தபின் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. புதிய பேரிங்கைப் பிரஸ்ஸில் ஏற்றும்போது அழுத்தம் உள் வளையத்தின் மீது மட்டுமே விழ வேண்டும். வெளி வளையத்தை அழுத்தினால் குண்டுகளின் பாதையில் தழும்பு விழுந்து, சில நாளிலேயே பேரிங் இரையத் தொடங்கும். 10 கிலோ நியூட்டனுக்கு மேல் விசை கொடுக்க வேண்டாம். அதற்குள் ஏறவில்லை என்றால் பேரிங் சாய்ந்திருக்கிறது என்று பொருள். நிறுத்தி, எடுத்து, நேராக்கி மறுபடி ஏற்றுங்கள்.

இனி வருவதுதான் இந்த வேலையின் உயிர்நாடி. த்ரஸ்ட் வாஷருக்கும் சென்டர் டிஃபரென்ஷியலுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி 0.15 முதல் 0.35 மி.மீ. வரை. புது உறையும் புது பேரிங்கும் பழையவற்றின் அதே உயரத்தில் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. எனவே பழைய வாஷரை அப்படியே போட்டு மூடுவது, நடுங்கும் கையோடு ஊசியில் நூல் கோப்பது போன்ற வேலை. கேஸின் முகப்பில் நேர்விளிம்புக் கட்டையை வைத்து, வாஷர் அமரும் தளம் வரையுள்ள ஆழத்தை டெப்த் கேஜால் அளக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில், உறை முழுவதுமாக அமர்ந்த நிலையில், அது முகப்புக்கு மேல் எவ்வளவு நீண்டிருக்கிறது என்று அளக்க வேண்டும். இரண்டிலும் நேர்விளிம்புக் கட்டையின் தடிமனைக் கழிக்க மறக்கக் கூடாது. இரு முகப்புகளுக்கும் இடையே காகிதக் கேஸ்கெட் வருமானால் அதன் அழுத்தப்பட்ட தடிமனை ஆழத்தோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஆழத்திலிருந்து உயரத்தைக் கழித்தால் மொத்த இடம் கிடைக்கும்.

உதாரணமாக மொத்த இடம் 1.42 மி.மீ. என்று வந்தால், 1.07 முதல் 1.27 மி.மீ. வரையுள்ள வாஷர் பொருந்தும். கிடைப்பவற்றில் நடுவை ஒட்டிய ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வோர் அளவையும் கேஸைச் சுற்றி மூன்று இடங்களில் எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்றும் 0.05 மி.மீ.-க்கு மேல் வேறுபட்டால், எங்கோ பழைய கேஸ்கெட்டின் துணுக்கு ஒட்டியிருக்கிறது, அல்லது உறை முழுதாக அமரவில்லை. இடைவெளி குறைந்தால் சூடேறும்போது உலோகம் விரிந்து வாஷரும் பேரிங்கும் அரைபடும். கூடினால் உறை முன்னும் பின்னும் நகர்ந்து, விசை மாறும்போதெல்லாம் தட்டும். டிரான்ஸ்ஃபர் டிரைவன் கியரின் பேரிங்கை மாற்றியிருந்தால், அதற்கான ஷிம் (இடைவெளி நிரப்பும் மெல்லிய தகடு), சர்க்ளிப் (பிடிப்பு வளையம்) அளவுகளையும் உங்கள் மாடலுக்குரிய சர்வீஸ் மேனுவலின்படி தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

திரும்பப் பூட்டுதல்

ஒவ்வொரு பேரிங்குக்கும் ஸ்ப்லைனுக்கும் கியர் ஆயில் தடவி, வாஷரைச் சிறிது கிரீஸால் அதன் இடத்தில் ஒட்டவைத்து, டிஃபரென்ஷியலையும் டிரான்ஸ்ஃபர் கியர்களையும் பொருத்துங்கள். முகப்புகளைப் பிளாஸ்டிக் சுரண்டியால் சுத்தம்செய்து, பிரேக் கிளீனரால் எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, திரவக் கேஸ்கெட்டை மெல்லிய, அறுபடாத கோடாக இட வேண்டும். தாராளமாகப் பிழிந்தால் மிச்சம் உள்ளே உதிர்ந்து ஆயில் வழிகளை அடைக்கும். ஷிஃப்டர் ஆர்மை ஃபோர்க் கம்பியின் பிளவில் மாட்டியபடி கேஸைத் தள்ளும்போது, வெளித் தண்டை லேசாகச் சுழற்றிக்கொடுத்தால் ஸ்ப்லைன்கள் தாமாகச் சேரும். கடைசி சில மில்லிமீட்டரை போல்ட்டால் இழுத்து மூட முயல வேண்டாம். கையால் தள்ளும்போதே முகப்புகள் சேர வேண்டும். சேரவில்லையென்றால் ஸ்ப்லைனோ ஷிஃப்டர் ஆர்மோ தவறாக அமர்ந்திருக்கிறது.

போல்ட்டுகளைக் குறுக்குமறுக்கான வரிசையில், மேனுவல் சொல்லும் டார்க்குக்கு இரண்டு சுற்றுகளாக இறுக்குங்கள். மற்ற எதையும் மாட்டுவதற்கு முன், எல்லாக் கியர்களும் விழுகின்றனவா, ரிவர்ஸ் சேர்கிறதா என்று கையால் மாற்றிப் பார்த்துவிட வேண்டும். பின்புற ஆயில் சீலை எப்போதும் புதிதாகவே போடுங்கள். ப்ரொபெல்லர் ஷாஃப்டைக் குறிகள் நேராக வருமாறு மாட்டி, எக்ஸாஸ்ட்டையும் மற்றவற்றையும் கழற்றியதற்கு எதிர்வரிசையில் பொருத்தலாம்.

ஆயில் சுமார் 3.5 லிட்டர் பிடிக்கும். டிப் ஸ்டிக் துளை வழியாகவே ஊற்ற வேண்டும். முன் டிஃபரென்ஷியலும் கியர் பாக்ஸும் இதே ஆயிலைப் பகிர்வதால் அளவைப் படிப்படியாகப் பார்த்து நிரப்புங்கள். விஸ்கஸ் கப்ளிங் மூடிய பாகம் என்பதால், கியர் ஆயிலில் கலக்கும் உராய்வு மாற்றிகள் எதுவும் அதைத் தொடாது, பணம் மிச்சம்.

ஓட்டிப் பார்த்தல்

முதலில் நான்கு சக்கரங்களும் தரையிலிருந்து தூக்கிய நிலையில், காரை நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, முதல் கியரில் மிக மெதுவாகச் சுழலவிட்டு ஓசையைக் கேளுங்கள். ஓர் அச்சை மட்டும் தூக்கிவிட்டு என்ஜினால் ஓட்டக் கூடாது. கப்ளிங் திடீரெனப் பிடித்துத் தரையில் நிற்கும் சக்கரங்களை இழுத்தால் கார் ஸ்டாண்டிலிருந்து குதித்துவிடும். இரு சக்கர உருளைகள் மட்டும் கொண்ட டைனோவில் (கார் திறன் அளக்கும் இயந்திரம்) ஏற்றுவதும், ஓர் அச்சை மட்டும் தூக்கி இழுத்துச் செல்வதும் இதே காரணத்தால் கூடாதவை. கார் பழுதாகி நின்றால் முழுதாக ஏற்றிச் செல்லும் வண்டியையே அழையுங்கள்.

பிறகு வாகனம் நிறுத்துமிடத்தில் ஸ்டியரிங்கை ஒடித்து இரு பக்கமும் வட்டமடித்துப் பாருங்கள்; தயக்கமோ துள்ளலோ இருக்கக் கூடாது. அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிச் சூடேற்றியபின் அதையே மீண்டும் செய்யுங்கள். குளிர்ந்தபோது சரியாக இருந்து, சூடானதும் பிடித்தால், புது கப்ளிங்கைக் குறைசொல்லும் முன் டயர் சுற்றளவையும் பின் டிஃபரென்ஷியலின் விகிதத்தையும் மறுபடி அளக்க வேண்டும். காரைச் சமதளத்தில் ஒரு இரவு நிறுத்தி, காலையில் டிப் ஸ்டிக்கையும் கேஸ் இணைப்புகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். முதல் ஆயிலைச் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்துக்குள் வடித்து மாற்றிவிடுவது நல்லது. புது பேரிங்கும் கியரும் பழகும்போது உதிரும் நுண்துகள் அதோடு வெளியேறும். பிளக்கின் காந்தத்தில் செதில் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம்.